விசா யார் பெயரில், கடை யார் பெயரில்?



"மாப்பிள்ளைக்கு விசா வந்துவிட்டது." வவுனியாவின் பட்டானிச்சூரிலோ சாளம்பைக்குளத்திலோ, முல்லைத்தீவின் நீராவிப்பிட்டியிலோ தண்ணீரூற்றிலோ, பூநகரிப் பக்கம் நாச்சிக்குடாவிலோ ஒரு வீட்டுக்கு இந்தச் செய்தி வந்தால் அயல்வீடுகளுக்குப் பலகாரம் போகும். எந்த நாடு என்று கேட்பார்கள். சம்பளம் எவ்வளவு என்றும் கேட்பார்கள். என்ன வகை விசா என்று கேட்பவரை நான் அதிகம் கண்டதில்லை.

ஒரு காலத்தில் அப்படிக் கேட்கவேண்டிய தேவையும் பெரிதாக இருக்கவில்லை. சாரதியாக, தையற்காரராக, சமையற்காரராகப் போனவருக்குத் தொழில் விசா ஒன்றுதான் வழி. சம்பளம் வந்தது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு வந்தது, வீடு கொஞ்சங்கொஞ்சமாக எழும்பியது. இன்று போகிறவர்களுள் ஒரு பகுதியினர் சம்பளத்தை நினைத்துப் போகவில்லை. "டுபாயில் கூட்டாளியோடு சேர்ந்து கம்பனி திறக்கப்போகிறேன்", "றியாத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை கைமாறுகிறதாம், எடுக்கப்போகிறேன்" என்கிறார்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள பொறியியல் பீடத்திலும் படித்து வெளியேறும் பிள்ளைகள் கணினித் தொழில் தொடங்கி அதை வெளிநாட்டில் நடத்தும் யோசனையில் இருக்கிறார்கள். 'ஸ்டார்ட்அப்' என்ற சொல் நமது குசினி வரைக்கும் வந்துவிட்டது.

இவ்வாறு தொழில் தொடங்கப் போகிறவருக்கு முன்னால் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று தொழில் விசா. மற்றையது முதலீட்டாளர் விசா. எந்தக் கதவால் நுழைகிறார் என்பதைப் பொறுத்தே, நாளை அந்தக் கடை அவருடையதா இல்லையா என்பதும், உங்கள் நகை திரும்பி வருமா வராதா என்பதும் அமையும். அதனால்தான் ஆண்களுக்கு எழுதவேண்டிய விடயம் போலத் தோன்றும் இதனை உங்களுக்கு எழுதுகிறேன்.

நகை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் நமது காணிகளில் பெரும்பகுதி அனுமதிப்பத்திரக் காணி. 'பேர்மிட் காணி' என்போம். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை அவை. பிரதேச செயலாளரின் சம்மதமின்றி விற்கவோ நினைத்தபடி ஈடு வைக்கவோ இயலாது. 1990 ஒக்டோபரில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்திலே இருபது வருடம் இருந்துவிட்டு 2009 க்குப் பிறகு திரும்பியவர்களுக்கோ அந்தப் பத்திரங்கூட ஒழுங்காகக் கையில் இல்லை. ஆகவே பணம் தேவைப்பட்டால் மிஞ்சுவது உங்கள் கழுத்திலும் கையிலும் உள்ளதுதான். ஒரு வன்னி வாலிபன் வெளிநாட்டில் தொடங்கும் தொழிலின் முதல் முதலீட்டாளர் எந்த வங்கியுமில்லை, அவனுடைய உம்மாவோ மனைவியோ ராத்தாவோதான். முதலீடு செய்கிறவர் கேள்வி கேட்கவேண்டாமா?

இரண்டு விசாவுக்கும் உள்ள வேறுபாடு

தொழில் விசா என்பது, "இவர் என்னிடத்தில் இந்த வேலையைச் செய்ய வருகிறார்" என்று ஒரு முதலாளியோ கம்பனியோ அந்நாட்டு அரசுக்குச் சொல்லி எடுத்துக் கொடுப்பது. வதிவிட அனுமதி அந்த முதலாளியோடு பிணைந்திருக்கும். முதலீட்டாளர் விசா என்பது, "இந்தக் கம்பனியில் எனக்குப் பங்கு இருக்கிறது" என்ற தகுதியின் மேல் கிடைப்பது. கம்பனிப் பத்திரத்தில் அவருடைய பெயர் இருக்கும். வதிவிட அனுமதி கம்பனியோடு பிணைந்திருக்கும்.

இவ்வளவுதான். ஆனால் நமது ஆட்கள் மூன்றாவதாக ஒரு வகையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு 'பிரீ விசா' என்று பெயர். அரபு நாடு எதிலும், எந்தச் சட்டத்திலும் அப்படியொரு விசா கிடையாது. நடப்பது என்னவென்றால், ஒரு கபீல் தன்னுடைய பெயரில் தொழில் விசா ஒன்றை எடுத்து அதை விற்கிறார். வாங்கியவர் கபீலிடம் வேலை செய்யமாட்டார். வெளியே போய்த் தனக்குப் பிடித்த தொழிலைச் செய்வார். மாதாமாதமோ வருடாவருடமோ கபீலுக்கு ஒரு தொகை கட்டுவார். பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் அந்தச் சாமானுக்கு 'பிரீ' என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல நகைச்சுவை உணர்வுள்ளவராக இருக்கவேண்டும்.

அரபுக் கல்லூரியில் ஓதியவர்களுக்குக் 'கபாலத்' என்ற பாடம் நினைவிருக்கும். ஒருவர் பட்ட கடனுக்கு இன்னொருவர் பொறுப்பேற்பது அது. கூலி கருதாமல் செய்கிற உபகாரமாகவே பிக்ஹு நூல்கள் அதைக் கருதுகின்றன. பொறுப்பேற்றதற்காகக் கூலி வாங்குவதை நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்களும் அனுமதிக்கவில்லை. அந்தச் சொல்லே இன்று விசா வியாபாரத்தின் பெயராகிவிட்டதைப் பாடம் நடத்தும்போது மாணவர்களுக்குச் சொல்வேன். சிரிப்பார்கள். அவர்களில் சிலருடைய வாப்பாமாரே அப்படிப்பட்ட விசாவில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சவூதியிலும் குவைத்திலும் நடந்தவை

தொழில் விசாவில் இருந்துகொண்டு கபீலின் பெயரில் கடை நடத்துவதைச் சவூதி அரேபியாவில் 'தஸத்துர்' என்பார்கள். மறைத்தல் என்று பொருள். வெளியே சவூதிக்காரரின் கடை. உள்ளே முதலும் இலாபமும் வெளிநாட்டவருடையது. இதற்கெதிரான புதிய சட்டம் 2020 இல் வந்தது. ஐந்து வருடம் வரை சிறை, ஐம்பது இலட்சம் ரியால் வரை அபராதம், தண்டனை முடிந்தபின் நாடுகடத்தல் என்று அதில் இருக்கிறது. சரிப்படுத்திக்கொள்ள ஒரு தவணையும் கொடுத்தார்கள்; அது 2022 பெப்ரவரியோடு முடிந்தது. "எல்லாரும் செய்கிறார்கள், ஒன்றும் ஆகாது" என்ற பேச்சு இனிச் செல்லாது. வங்கிக் கணக்குக்குள் பாயும் பணத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறார்கள்.

சட்டம் ஒரு புறமிருக்க, அதற்கு முன்பே ஓர் அடி விழுந்தது. கைத்தொலைபேசி விற்கிற, திருத்துகிற கடைகளில் சவூதிக்காரர் மட்டுமே வேலை செய்யலாம் என்ற விதி 2016 செப்டெம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்தத் தொழிலில் நம் நாட்டவர், கேரளத்தவர், வங்காளதேசத்தவர் என்று எத்தனையோ பேர் இருந்தார்கள். முதலைப் போட்டவர் தாம்தான் என்று ஒருவராவது வாய் திறக்க முடிந்ததா? பத்திரத்தில் அவர்கள் கூலிக்காரர்கள். கூலிக்காரரை அனுப்பிவிட்டார்கள், முடிந்தது.

குவைத்தில் இதே விடயம் இன்னும் தெளிவாக வெளிவந்தது. அங்கே தனியார் துறைத் தொழிலாளருக்கு 18 ஆம் பிரிவு வதிவிடம். முதலீட்டாளருக்கும் பங்காளிக்கும் 19 ஆம் பிரிவு. 18 இல் இருந்துகொண்டே கம்பனிகளில் பங்காளியாகப் பெயரைப் பதிந்தவர்கள் ஏராளம். 2024 ஆகஸ்டில் அந்நாட்டு வர்த்தக அமைச்சு, 18 ஆம் பிரிவுக்காரர் பங்காளியாகப் புதிதாகச் சேர்வதையும் உள்ள பதிவைப் புதுப்பிப்பதையும் திடீரென நிறுத்தியது. 19 க்கு மாறலாம் என்றார்கள். ஆனால் அதற்குக் காட்டவேண்டிய மூலதனம் சிறு வியாபாரிக்கு எட்டாத தொகை. சில வாரங்களில் பிடியைத் தளர்த்தினார்கள் என்பது உண்மைதான். அந்தச் சில வாரங்களும் அவர்களின் வீட்டார் எப்படி உறங்கியிருப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

குவைத் என்றதும் 1990 நினைவுக்கு வராமல் போகாது. அந்த ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்த நம் நாட்டவர் உடுத்த உடையோடு பாலைவனம் கடந்து வந்தார்கள். ஒக்டோபரில் வடக்கில் நம்மவரை உடுத்த உடையோடு அனுப்பினார்கள். ஒரே வருடத்தில் இரண்டையும் கண்ட குடும்பங்கள் நம்மில் இருக்கின்றன. குவைத்தில் இழந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ஐக்கிய நாடுகள் நட்டஈட்டு ஆணைக்குழு பணம் கொடுத்தது. வெளியேறியதற்காகத் தனி ஆளுக்கு 2,500 அல்லது 4,000 டொலர் என ஒரு நிலையான தொகை. அதற்கு மேலே சம்பளம், சாமான், தொழில் என்று இழந்ததைக் கேட்டவர்கள் அதற்கு ஆதாரம் காட்டவேண்டியிருந்தது. கடதாசி வைத்திருந்தவருக்கும் வைத்திராதவருக்கும் உள்ள வித்தியாசத்தை நமது மூத்த தலைமுறை அனுபவித்தே அறிந்தது.

ஒரு குடும்பத்தின் கதை

ஊரும் பேரும் வேண்டாம். முல்லைத்தீவு மாவட்டத்துச் சகோதரி ஒருவர். கணவர் சவூதியில் சாரதி விசாவில் இருந்துகொண்டு சாப்பாட்டுக் கடை நடத்தினார். பதினோரு வருடம். நல்ல வருமானம், ஊரில் பள்ளிவாசலுக்குக்கூட அள்ளிக் கொடுத்தவர். கடையைப் பெருப்பிக்கவென்று மனைவியின் நகையையும் மாமியாரின் நகையையும் விற்று அனுப்பினார்கள். ஒருநாள் மாரடைப்பில் மௌத்தாகிவிட்டார். இத்தா முடிந்ததும் பங்கு பிரிக்கும் கணக்குக்காக என்னிடம் வந்தார்கள். பிள்ளைகள் உள்ள மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. பெற்றோருக்கு இவ்வளவு, ஆண்பிள்ளைக்கு இவ்வளவு, பெண்பிள்ளைக்கு இவ்வளவு என்ற கணக்கு எனக்கு மனப்பாடம். எதைப் பிரிப்பது? கடைப் பத்திரம் கபீலின் பெயரில். வாடகை ஒப்பந்தம் கபீலின் பெயரில். வங்கிக் கணக்கும் அப்படியே. மையித்தின் பெயரில் இருந்தவை ஒரு சாரதி அனுமதிப்பத்திரமும், மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்கவேண்டிய கடனுந்தான். கபீல் நல்ல மனிதர், ஒரு தொகை அனுப்பினார். அது அவர் இரக்கப்பட்டுக் கொடுத்தது. உரிமையாகக் கேட்க அந்தச் சகோதரிக்கு வழி இருக்கவில்லை.

ஆகவே உங்கள் வீட்டில் யாராவது "கடை போடப் போகிறேன்" என்றால் முதலில் கேட்கவேண்டியது இலாபத்தைப் பற்றியல்ல. "நீங்கள் மௌத்தானால் அந்தக் கடை யாருக்கு?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கசப்பான கேள்விதான். மாமியாருக்குப் பிடிக்காமலும் போகலாம்.

டுபாய்ப் பக்கம்

எல்லா நாட்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. முன்பு அங்கே நகருக்குள் கம்பனி திறந்தால் 51 வீதம் அந்நாட்டவர் பெயரில் இருக்கவேண்டும். அல்லது 1985 இல் தொடங்கிய ஜெபல் அலி போன்ற சுதந்திர வர்த்தக வலயங்களுக்குப் போகவேண்டும். 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களுக்கு அந்த 51 வீத நிபந்தனை நீங்கிவிட்டது. இது தெரியாத ஒருவரிடம் "உள்ளூர் அரபி ஒருவர் இல்லாமல் கடை திறக்க முடியாது, அவருக்கு வருடம் இவ்வளவு" என்று சொல்லிப் பணம் வாங்கும் தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டாரிலும் 2019 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், அரசின் அனுமதியோடு நூறு வீதம் வெளிநாட்டவர் உரிமைக்கு இடம் கொடுத்தது. சவூதியிலும் முதலீட்டு அமைச்சில் பதிந்துகொண்டு வெளிநாட்டவர் கம்பனி திறக்கலாம். ஆனால் சில்லறை வியாபாரத்துக்குக் கேட்கும் மூலதனம் பெருங்கம்பனிகளுக்குரியது, பலசரக்குக் கடைக்காரருக்குரியதல்ல.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022 ஒக்டோபரில் புதிய விசா விதிகள் நடைமுறைக்கு வந்தன. முதலீட்டாளருக்கும் பங்காளிக்கும் ஐந்து வருடப் 'பச்சை விசா'. அதற்கு மேலே 'தங்க விசா': இருபது இலட்சம் திர்ஹம் பெறுமதியான கட்டிடம் வாங்கினால் பத்து வருடம், அங்கீகாரம் பெற்ற புதுமைத் தொழில் ஒன்றைத் தொடங்கியவருக்கு, அதன் பெறுமதி ஐந்து இலட்சம் திர்ஹமாவது இருந்தால், ஐந்து வருடம். இருபது இலட்சம் திர்ஹம் நமக்குக் கதைக்கு மட்டும் உதவுகிற தொகை; ஆனால் அந்த விதிகளில் பெண்கள் கவனிக்கவேண்டிய ஓரிடம் இருக்கிறது. தங்க விசாக்காரர் இறந்துவிட்டால் அவருடைய குடும்பத்தினர் தமது அனுமதிக் காலம் முடியும்வரை அங்கே இருக்கலாம். சாதாரணத் தொழில் விசாவில் கணவரோடு போய் இருக்கும் மனைவிக்கு அந்த நிம்மதி கிடையாது. அந்த விசாவில் ஆறு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே இருந்தாலும் வதிவிடம் இரத்தாகிவிடும். பிரசவத்துக்கு ஊருக்கு வருகிறவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலீட்டாளர் விசா என்றவுடன் ஆகா என்று குதிக்கவும் வேண்டாம். அது செலவுள்ள விசா. அனுமதிப்பத்திரம் வருடாவருடம் புதுப்பிக்கப்படவேண்டும். அலுவலக வாடகை, வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டவேண்டும். "டுபாயில் வரியே இல்லை" என்பது பழைய கதை. 2018 இல் 5 வீதப் பெறுமதிசேர் வரி வந்தது; வருட விற்பனை 375,000 திர்ஹத்தைத் தாண்டினால் அதற்குப் பதியவேண்டும். 2023 ஜூனில் இருந்து அதே 375,000 க்கு மேற்பட்ட இலாபத்துக்கு 9 வீதக் கம்பனி வரியும் இருக்கிறது. கட்டவேண்டியிராத சிறு கம்பனியும் பதிவு செய்து கணக்குக் காட்டவேண்டும்.

இன்னுமொன்று. கம்பனி படுத்தால் விசாவும் படுக்கும். கணவரின் விசாவில் தொங்குவது உங்களுடைய விசா; உங்கள் பிள்ளைகளுடையதும் அதில்தான் தொங்குகிறது. இரத்தான பின் வெளியேற விசா வகையைப் பொறுத்து ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை அவகாசம் கொடுக்கிறார்கள். அதற்குள் பிள்ளையின் பாடசாலை, வீட்டு வாடகை, வாகனக் கடன் எல்லாம் முடித்துக் கொள்ளவேண்டும். வாடகைக்குப் பின்தேதியிட்ட காசோலைகள் எழுதிக் கொடுப்பது அங்கே வழக்கம். 2022 ஜனவரியிலிருந்து, பணமில்லாமல் திரும்பிய காசோலைக்காக உடனே சிறை என்ற நிலை பெரும்பாலும் நீங்கிவிட்டது, கடன் நீங்கவில்லை. கடன்காரர் நீதிமன்றம் போனால் பயணத்தடை விழும். வீட்டார் ஊரிலும் அவர் அங்கேயுமாகக் கிடக்கவேண்டிவரும்.

தொழில் விசா தாழ்ந்ததா?

இல்லை. அதை வேறொன்றாக நடிக்கவைப்பதுதான் பிழை. சம்பளத்துக்குப் போகிறவரின் இழப்புக்கு ஓர் எல்லை உண்டு. தொழில் போனால் சம்பளம் போகும், முதல் போகாது. ஒப்பந்தம் இருக்கும், சேவைக்காலப் பணம் கிடைக்கும். புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொண்டால் காப்புறுதியும் உண்டு. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிறுவனம் அது. அதன் உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களிலேயே இருக்கிறார்கள், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. சுற்றுலா விசாவில் போய் அங்கே வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்புகிற முகவரை மட்டும் வாசற்படி ஏற்றாதீர்கள்.

என்னிடம் யோசனை கேட்கும் வாலிபர்களுக்கு நான் சொல்வது இதுதான். கையில் பெரிய முதல் இல்லையா? இரண்டு மூன்று வருடம் அதே தொழிலில் சம்பளத்துக்கு நில்லுங்கள். சாப்பாட்டுக் கடை திறக்க ஆசையென்றால் சாப்பாட்டுக் கடையில் நில்லுங்கள். சாமான் எங்கே வாங்குகிறார்கள், வாடகை எப்படிப் போகிறது, நகரசபைக்காரர் வந்தால் என்ன பார்க்கிறார் என்பதையெல்லாம் முதலாளியின் செலவில் படித்துக்கொள்ளலாம். பிறகு கடையைத் திறப்பதற்கு முன்னால், திறந்த பின்னால் அல்ல, தொழில் விசாவை முடித்து உரிமையாளர் என்ற தகுதிக்கு மாறுங்கள். கட்டாரில் 2020 இல், வேறு தொழிலுக்கு மாற முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்ற விதியையே எடுத்துவிட்டார்கள். சவூதியிலும் 2021 இலிருந்து இடம்மாறுவது முன்பைவிட இலகு. முன்னைய தலைமுறைக்கு இல்லாத வசதி இது.

கணவர் சம்பளத்துக்கு இருக்கையில் நீங்களும் அங்கே போகலாமா என்பது தனிக் கேள்வி. டுபாய்ப் பக்கத்தில் குடும்பத்தை அழைக்கக் குறைந்தது 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 உம் தங்குமிடமும் வேண்டும். சவூதியில் குடும்பத்தினர் தலைக்கு மாதம் 100 ரியால் வரி 2017 ஜூலையில் தொடங்கி 2020 இல் 400 ரியாலானது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் மாதம் 1,600 ரியால். அந்த வரி வந்தபோது எத்தனை குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு வந்தன என்பது உங்களுக்கே தெரியும்.

இலண்டனும் கனடாவும்

படித்த பிள்ளைகளின் கண் இந்தப் பக்கம் இருக்கிறது. பிரித்தானியாவில் இருபது இலட்சம் பவுண் போட்டால் கிடைத்த முதலீட்டாளர் விசா 2022 பெப்ரவரியில் மூடப்பட்டுவிட்டது. புதுத்தொழில் தொடங்குவோருக்கான 'இன்னொவேட்டர் பவுண்டர்' விசா 2023 ஏப்ரலில் வந்தது. முன்பிருந்த 50,000 பவுண் நிபந்தனை அதில் இல்லை. ஆனால் அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பு உங்கள் பிள்ளையின் யோசனையைப் பார்த்து, இது புதியது, நடத்தக்கூடியது, வளரக்கூடியது என்று சான்று தரவேண்டும். அந்தப் பரிசீலனைக்கே 1,000 பவுண். பின்னர் இரண்டு முறை சந்தித்து முன்னேற்றத்தைப் பார்ப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் 500 பவுண். மூன்று வருடத்துக்கு விசா. ஹலால் இறைச்சிக் கடை, பலசரக்குக் கடை என்றால் சான்று கிடைக்காது, அது புதியதல்லவே. அங்கே தொழில் விசாவுக்கும் 2025 ஜூலையிலிருந்து பொதுவான குறைந்தபட்ச வருடச் சம்பளம் 41,700 பவுண். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆளெடுப்பதும் அதே மாதம் நின்றுவிட்டது. இதற்குப் பிறகும் அந்த வேலைக்கு விசா எடுத்துத் தருவதாக வவுனியாவிலோ கொழும்பிலோ யாராவது சொன்னால் என்ன அர்த்தம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

கனடாவின் ஸ்டார்ட்அப் விசா 2013 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. குடும்பத்தோடு நிரந்தர வதிவிடமே தந்தது. அதனால் விண்ணப்பங்கள் குவிந்து வருடக்கணக்கில் தேங்கின. 2025 ஆம் ஆண்டு முடிவோடு அதற்குப் புதிய விண்ணப்பம் ஏற்பதை நிறுத்திவிட்டார்கள். பழைய விளம்பரத்தைக் காட்டிப் பணம் கேட்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கணினித் தொழில் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது, அதற்கு விசாவே வேண்டாம். 2007 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டப்படி நமது நாட்டில் ஒரே ஆள் பங்குதாரராக நின்று தனியார் கம்பனி பதியலாம். வவுனியாவில் இருந்துகொண்டே வெளிநாட்டுக்கு வேலை செய்து கொடுக்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வருமானத்துக்கு 15 வீதம் வரையில் வரி உண்டு. முன்பு விலக்கு இருந்தது. வெளியே அனுப்ப வீட்டார் தயங்கும் பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இரண்டு வருடம் இப்படி நடத்தி, வாடிக்கையாளரையும் கணக்குப் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு விசா கேட்கிறவருக்கும், வெறும் யோசனையோடு கேட்கிறவருக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றல்ல.

நகை கொடுக்குமுன்

மஹரும் உங்கள் நகையும் உங்களுடைய சொத்து. கணவருக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுக்காமல் விடுவது குற்றமாகாது. கொடுப்பதென்றால் அது அன்பளிப்பா, கடனா, பங்கா என்பதை அன்றே பேசிக்கொள்ளுங்கள். கடன் என்றால் கொடுத்த அளவு திரும்பவேண்டும், தொழில் நட்டப்பட்டாலும். பங்கு என்றால் இலாபத்தில் உங்களுக்கு இத்தனை வீதம் உண்டு; நட்டம் வந்தால் போட்ட முதலின் அளவுக்கு அதுவும் உங்களுடையதே. இரண்டையும் கலந்து, "இலாபம் வந்தால் தருகிறேன், நகை எப்படியும் மீட்டுத் தருகிறேன்" என்று சொல்வது கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் மார்க்கத்திலும் நில்லாது, நீதிமன்றத்திலும் நில்லாது. அல்குர்ஆனிலேயே ஆக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282 ஆவது, தவணைக் கடனை எழுதிக்கொள்வது பற்றியதுதான். கணவன் மனைவிக்கிடையில் எழுதுவது வெட்கம் என்று அதில் எங்கும் விலக்கு இல்லை. ஒரு கொப்பித் தாள் போதும்: திகதி, எத்தனை பவுண், என்ன நிபந்தனை, இரண்டு சாட்சி.

டுபாய் போன்ற இடத்தில் கம்பனி பதியும்போது பங்கில் ஒரு பகுதியை உங்கள் பெயரிலேயே பதியலாம். பலர் அதை யோசிப்பதே இல்லை. கணவர் அங்கே, நீங்கள் இங்கே என்றாலும் பங்காளியாக இருக்கலாம். உங்கள் கடவுச்சீட்டின் பிரதியும் கையெழுத்தும் அத்தாட்சிப்படுத்திய தத்துவப் பத்திரமுந்தான் தேவைப்படும். அவர் அனுப்பும் பத்திரங்களின் பிரதிகளை வீட்டில் வையுங்கள்: தொழில் அனுமதிப்பத்திரம், பங்கு விபரம் உள்ள கம்பனி ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், விசாப் பக்கம். அரபியில் இருந்தால் ஊரில் உள்ள மௌலவிமாரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எங்களுக்கும் ஓதிய அரபு மறவாமல் இருக்கும். விசாவில் 'தொழில்' என்ற இடத்தில் பங்காளி, முதலீட்டாளர் என்று இருக்கிறதா, சாரதி, தொழிலாளி என்று இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

குடும்ப விசாவை எண்ணுகிறவர்கள் திருமணச் சான்றிதழை இப்போதே தேடி வையுங்கள். நமது 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி, பதியாமல் விட்டதால் நிக்காஹ் செல்லாமற் போவதில்லை. அதனால் புத்தளத்து முகாம்களில் முடித்த எத்தனையோ கலியாணங்கள் பதிவில்லாமலே இருக்கின்றன. மார்க்கத்தில் குறையில்லை, ஆனால் எந்த நாட்டுத் தூதரகமும் சான்றிதழ் இல்லாமல் உங்களை மனைவி என்று ஏற்காது. பதிவு இருப்பவர்கள் பிரதி எடுத்து, மொழிபெயர்த்து, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி எடுக்கவேண்டும். கொழும்பில் மட்டுமன்றி யாழ்ப்பாணத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு. கடவுச்சீட்டுக்கு வவுனியாக் கிளையே போதும். பதிவு இல்லாதவர்கள் நிக்காஹ் செய்துவைத்தவரும் வலியும் சாட்சிகளும் ஹயாத்தோடு இருக்கும்போதே விவாகப் பதிவாளரையும் காதியாரையும் போய்க் காணுங்கள்.